நாலு புத்தகம், ஒரு மலை, கொஞ்சம் குற்ற உணர்ச்சி

கேள்வி:

வணக்கம் மேடம். நான் பதினொன்றாம் வகுப்பு மாணவி. போன விடுமுறையில் 20 புத்தகம் படிப்பது என்று பட்டியல் போட்டு, நோட்டில் கட்டம்கூட வரைந்து வைத்திருந்தேன். முழுதாக முடித்தது நாலு. இரண்டைப் பாதியில் வைத்துவிட்டேன். மீதியைத் தொடவே இல்லை. பெரியம்மா வீட்டுக்குப் போனதும் அக்கா, அண்ணன்களோடு சைக்கிள், ஆறு, மலை என்று சுற்றிவிட்டேன்.

அதில் ஒரு விஷயம். நான் படித்த சாகச நாவலில் மலையேறும் அத்தியாயம் ஒன்று வரும். படித்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை. அதே ஆசையில் மலைக்குப் போனால் கால் வலி, அட்டைக் கடி, உச்சியில் ஒரே மூடுபனி. ஒன்றுமே தெரியவில்லை. புத்தகத்து மலைதான் நன்றாக இருந்தது என்று தோன்றியது. ஆற்றிலும் அப்படித்தான். எனக்கு நீச்சல் தெரியாது. பாறையிலிருந்து குதிக்கச் சொல்லி எல்லோரும் கிண்டல் செய்தார்கள். நான் குதிக்கவில்லை. கோழை என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம்.

என் தோழி 35 புத்தகம் படித்தாளாம். எனக்கோ படித்த நாலிலேயே ஒன்றின் கதாநாயகி பெயர் மறந்துவிட்டது. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்கிறார் மாமா. கதைப் புத்தகத்தால் மார்க் வருமா என்கிறார் அப்பா. தமிழ் ஆசிரியை ‘விடுமுறையில் நான்’ என்று கட்டுரை கேட்டிருக்கிறார். எதை எழுதுவது? நான் விடுமுறையை வீணாக்கிவிட்டேனா? பிடிக்காத புத்தகத்தையும் முடித்தே ஆக வேண்டுமா? போனில் படித்தால் கணக்கில் சேருமா?

பி.கு.: போர்வைக்குள் டார்ச் அடித்துப் படித்தால் கண் கெட்டுப்போகும் என்று அம்மா திட்டுகிறார். உண்மையா?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

வீணாக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதியையெல்லாம் தீர்ப்புக்குக் காத்திருப்பவள் மாதிரிப் படிப்பாய்.

நான் பள்ளி நூலகர். விடுமுறைக்கு முந்தின வாரம் எங்கள் இரவல் பதிவேட்டைப் பார்த்தால், நாட்டில் இனி அறிஞர்களுக்குப் பஞ்சமே இராது என்று தோன்றும். நூலக அட்டைக்கு எத்தனை புத்தகம் உண்டோ அத்தனையையும் பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போவார்கள். பள்ளி திறந்து அவை திரும்பி வரும்போது, அடையாளத்துக்கு வைத்த துண்டுக் காகிதம் பெரும்பாலும் முதல் ஐம்பது பக்கத்துக்குள்தான் கிடக்கும். அவற்றை உருவிவிட்டுப் புத்தகத்தை அடுக்கில் வைப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. ஆகவே இருபதில் நாலு என்பது எனக்கு அதிர்ச்சியாக இல்லை. அந்த இருபது எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி. உன் கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை. ஒரு முழு எண்ணாக இருக்கட்டும் என்று போட்டாய் என்றுதான் நினைக்கிறேன்.

எண்ணிக்கை எண்ணுவதற்கு எளிது, அதனால்தான் எல்லோரும் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். 2009இல் பீசா என்ற சர்வதேசத் தேர்வை எழுதிய 15 வயது மாணவர்களிடம், இன்பத்துக்காக எவ்வளவு நேரம் படிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பைச் சேர்ந்த நாடுகளில் சராசரியாக 37 சதவீதம் பேர், இன்பத்துக்காகப் படிப்பதே இல்லை என்றார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. அறவே படிக்காதவர்களுக்கும் நாளுக்குக் கொஞ்ச நேரமாவது படிப்பவர்களுக்கும் இடையே மதிப்பெண்ணில் பெரிய இடைவெளி இருந்தது. அரை மணி நேரம் படிப்பவர்களுக்கும் இரண்டு மணி நேரம் படிப்பவர்களுக்கும் இடையே அந்த அளவுக்கு இல்லை. கொஞ்சமாவது படிக்கிறோமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நீ படிக்கிறவள்.

தோழியின் 35ஐப் பற்றி எனக்குக் கருத்து எதுவும் இல்லை. அவள் வேகமாகப் படிப்பவளாக இருக்கலாம், மெல்லிய புத்தகங்களாக எடுத்திருக்கலாம், சுற்றிக் காட்ட அண்ணன்கள் இல்லாத வீடாகவும் இருக்கலாம். அவளைப் பார்த்து வேக வாசிப்பு வகுப்பில் சேர்ந்துவிடாதே, அதை மட்டும் சொல்வேன். கண்ணும் மூளையும் எழுத்தைக் கையாளும் விதம் பற்றிய பல பத்தாண்டு ஆய்வுகளை 2016இல் சில உளவியலாளர்கள் திரட்டிப் பார்த்தார்கள். வேகத்தைக் கூட்டினால் புரிதல் குறையும், அதற்குக் குறுக்கு வழி கிடையாது என்பதுதான் அவர்கள் கண்ட முடிவு. வேகம் வர வேண்டுமானால் சொல்லறிவும் பொருளறிவும் கூட வேண்டும். அதற்கு நிறையப் படிப்பதுதான் வழி.

இப்போது மாமாவிடம் வருகிறேன். உன் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த மலையும் மாமாவும்தான்.

மாமா சொல்லும் பழமொழியில் பாதி உண்மை இருக்கிறது. ஏட்டில் எழுதிய சுரைக்காயை நறுக்கிக் குழம்பு வைக்க முடியாதுதான். ஆனால் சுரைக்காயையே பார்த்திராதவருக்கு அந்த ஏடும் புரியாது. இந்த இரண்டாவது பாதியை ஓர் ஆய்வு அழகாகக் காட்டியிருக்கிறது. 1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர், அமெரிக்காவில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 64 பேரிடம் ஒரு கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார்கள். பேஸ்பால் ஆட்டத்தின் ஒரு பகுதியை விவரிக்கும் கட்டுரை அது. பிள்ளைகளில் நன்றாக வாசிப்பவர்களும் உண்டு, வாசிப்பில் பின்தங்கியவர்களும் உண்டு. இரண்டு தரப்பிலும் பேஸ்பால் நன்றாகத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று பிரித்துக்கொண்டார்கள். படித்து முடித்ததும் ஒரு மாதிரி மைதானத்தையும் மரப் பொம்மைகளையும் கொடுத்து, அந்த ஆட்டத்தை நடத்திக் காட்டு என்றார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கும் ஆனால் ஆட்டம் தெரியாத பிள்ளைகளை எளிதாக மிஞ்சினார்கள். வாசிப்புத் திறனை விட, எதைப் பற்றிப் படிக்கிறோமோ அதை முன்பே அறிந்திருப்பது அங்கே பெரிதாக நின்றது.

மாமாவிடம் இதைச் சொல். ஊர் சுற்றுவதும் வாசிப்புக்கான தயாரிப்புதான் என்று சொல். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் பரவாயில்லை, பழமொழி சொல்லும் மாமாக்கள் எளிதில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மலைக்குப் போனபோது உனக்கு நேர்ந்தது ஏமாற்றம் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் யோசித்துப் பார். அந்த நாவலில் மலையேற்றம் எத்தனை பக்கம் வந்தது? பத்தோ பன்னிரண்டோ இருக்கும். அந்தப் பக்கங்களைப் படிக்க உனக்கு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அந்தப் பாத்திரங்கள் நடந்ததோ ஒரு பகல் முழுவதும், சில சமயம் மூன்று நான்கு நாள். இடையில் இருந்த மணிக்கணக்கான நேரம் எங்கே போயிற்று? எழுத்தாளர் வெட்டிவிட்டார். ‘மறுநாள் மதியம் உச்சியை அடைந்தார்கள்’ என்று ஒரே வரியில் ஆறு மணி நேரத்தைத் தாண்டியிருப்பார். உன் கால் வலித்தது அந்த வரிக்குள்தான். எழுதுகிறவருக்குத் தாண்டிப் போக உரிமை உண்டு, நடக்கிறவருக்கு இல்லை.

அதனால் உனக்கு ஒரு வேலை தருகிறேன். இந்தக் கடிதத்தில் நான் சொல்லும் யோசனைகளில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய். அந்த அத்தியாயத்தை இப்போது மறுபடி படி. புத்தகம் முழுவதும் வேண்டாம், அந்த ஓர் அத்தியாயம் போதும். முதல் தடவை கதை என்ன ஆகும் என்று ஓடியிருப்பாய். இந்தத் தடவை ஈரப் பாறையில் கால் வைக்கிற வரி வரும்போது உன் கணுக்கால் விழித்துக்கொள்ளும். மூச்சு வாங்கும்போது மனிதர்கள் அவ்வளவு நீளமாக வசனம் பேசுவார்களா என்று கேள்வி வரும். உண்மையில் மலையேறிய கைதான் இதை எழுதியது என்று சில வரிகளில் தெரியும். வேறு சில வரிகளில், மேசையில் உட்கார்ந்தபடியே மலையைக் கட்டியிருக்கிறார் என்று பிடித்துவிடுவாய். போன தடவை உன்னால் இதைச் செய்திருக்க முடியாது. மூடுபனியில் ஒன்றுமே தெரியாமல் நின்றாயே, அந்த நடைதான் இதைக் கற்றுத் தந்திருக்கிறது.

எழுத்தாளர்கள் மட்டும் வெட்டுவதில்லை, நம் நினைவும் வெட்டும். 1997இல் வெளியான ஓர் ஆய்வில், விடுமுறைப் பயணம் போனவர்களிடம் போவதற்கு முன்பும், போய்க்கொண்டிருக்கும்போதும், திரும்பிய பிறகும் கேள்வி கேட்டார்கள். அவர்களில் கலிபோர்னியாவில் மூன்று வாரம் சைக்கிளில் சுற்றிய குழுவும் உண்டு. போகும் முன் பெரிய எதிர்பார்ப்பு, நடுவில் சலிப்பும் எரிச்சலும், திரும்பி வந்து கொஞ்ச நாளில் எல்லாம் இனிய நினைவு. நீ இன்னும் நடுக்கட்டத்தின் எரிச்சலோடே எழுதியிருக்கிறாய். அடுத்த விடுமுறைக்குள் அட்டைக் கடியை நீயே கை தட்டிச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருப்பாய். அப்படி மாறுவதற்குள் நடந்ததை நடந்தபடி ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடு.

எழுதி வைப்பது என்றதும் சார்லஸ் டார்வின் நினைவுக்கு வருகிறார். 1831 டிசம்பரில் அவர் கப்பல் ஏறியபோது வயது 22, உன்னைவிட ஆறேழு வயதுதான் கூட. அந்தப் பயணம் வெட்டி வேலை என்று தடுத்தவர் அப்பா. அப்பாவிடம் பேசி அனுப்பி வைத்தவர், அம்மாவின் உடன்பிறந்த தாய்மாமா. எல்லா மாமாக்களும் ஒரே மாதிரி இருப்பதில்லை பார். கப்பலில் சுமார் 400 புத்தகங்கள் கொண்ட நூலகம் இருந்தது. கடல் குமட்டல் அவரைப் பாடாய்ப் படுத்த, தொங்கு படுக்கையில் சாய்ந்தபடி படித்தார். கரை வந்ததும் இறங்கி நடந்தார், குதிரையில் போனார், பாறையைத் தட்டிப் பார்த்தார். ஏறக்குறைய ஐந்தாண்டுப் பயணத்தில் மூன்றாண்டுக்கு மேல் தரையில்தான் கழிந்தது. நாட்குறிப்பு மட்டும் 770 பக்கம். கப்பலில் படித்த நிலவியலைக் கொண்டு கரையில் பாறையைப் பார்த்தார், கரையில் பார்த்ததைக் கொண்டு படித்ததைச் சோதித்தார். வாசிப்பு ஒரு பக்கம், சுற்றல் ஒரு பக்கம் என்று அவர் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. பயணம் முடிந்த பிறகு, 1839இல், மாதிரிகள் சேகரிக்கப் போகிறவர்களுக்கு அவர் எழுதிய அறிவுரையில் நினைவை நம்பாதே என்கிறார். சுவையான ஒன்றைப் பார்த்த பிறகு அதைவிடச் சுவையான இன்னொன்று வந்தால், முதலில் பார்த்தது நழுவிவிடும் என்பது அவர் சொன்ன காரணம்.

ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த இடத்தில் நான் சிரிக்கவில்லை. நீச்சல் தெரியாமல் பாறையிலிருந்து குதிக்க மறுத்தாயே, அந்த விடுமுறையில் நீ எடுத்த சிறந்த முடிவு அதுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். மேலிருந்து பார்த்தால் ஆற்றின் ஆழமும் தெரியாது, அடியில் இருக்கும் இழுப்பும் பாறையும் தெரியாது. கோழை என்று சொன்ன அண்ணன்மார் உன்னைக் கரையேற்றும் அளவுக்கு நீந்தத் தெரிந்தவர்களா என்று அடுத்த முறை கேள். ஏட்டுச் சுரைக்காய் உண்மையிலேயே உதவாத இடம் இதுதான், புத்தகத்தைப் படித்து யாரும் நீந்தக் கற்றதில்லை. மாமாவுக்கு நேரம் இருந்தால், சொல்லித் தரத் தெரிந்த ஒருவரிடம் உன்னைச் சேர்த்துவிடச் சொல். அடுத்த விடுமுறைக்கு அது நல்ல சாகசம்.

கதாநாயகி பெயர் மறந்துபோனதற்கு வருவோம்.

மறதியை முதலில் முறைப்படி அளந்தவர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர். 1885இல் தன் முடிவுகளை வெளியிட்டார். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு போகிறது என்று தன்னையே சோதித்துக்கொண்டார். முதல் சில மணி நேரத்தில் மளமளவென்று போகிறது, பிறகு மெல்ல மெல்ல. கதை அர்த்தமில்லாத அசை இல்லை, கூடுதலாகவே தங்கும். ஆனாலும் போக்கு ஏறக்குறைய அதுதான். ஆகவே உன் மூளையில் கோளாறு ஒன்றும் இல்லை. பெயர்கள் முதலில் போகும் ரகம், எனக்கும் அப்படித்தான்.

போவதைக் கொஞ்சம் நிறுத்தலாம். 2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் கல்லூரி மாணவர்களுக்குச் சில பத்திகளைக் கொடுத்தார்கள். ஒரு முறை படித்த பிறகு சிலர் அதையே மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் தாளைக் கொடுத்துவிட்டு நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குப் பத்தியில் 56 சதவீதம் நினைவில் இருந்தது, மறுபடி படித்தவர்களுக்கு 42. பாடப் புத்தகத்தை மூன்று தடவை படித்துவிட்டு எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், தேர்வு அறையில் ஒன்றும் வராதே, அதன் காரணம் இப்போது புரிகிறதா?

கதைப் புத்தகத்துக்கும் இதைச் செய்யலாம், ஆனால் லேசாக. ராத்திரி புத்தகத்தை மூடியதும் நாலு வரி எழுது. யார் என்ன செய்தார்கள் என்ற சுருக்கம் வேண்டாம், அது பள்ளி வேலை. உன்னைத் தடுக்கி நிறுத்திய வரி எது, யார் மேல் கோபம் வந்தது, எந்த இடத்தில் எழுத்தாளரை நம்பவில்லை என்று எழுது. ஒவ்வொரு நாவலையும் இப்படிச் செய்ய வேண்டும் என்றும் இல்லை. சில புத்தகங்களைச் சும்மா படித்து, சும்மா மறந்துவிடலாம். எல்லாவற்றையும் தேர்வாக்கினால் படிக்கிற ஆசையே செத்துப்போகும், அப்படிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

பாதியில் வைத்த இரண்டைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். முடிக்க வேண்டாம். நான்சி பேர்ல் என்ற அமெரிக்க நூலகர் இதற்கு ஒரு விதியே வைத்திருக்கிறார். ஐம்பது வயதுக்கு உட்பட்டவர் ஐம்பது பக்கம் படித்துப் பார்க்கலாம், பிடிக்கவில்லையா, மூடிவிடலாம். ஐம்பதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து தங்கள் வயதைக் கழித்துக்கொள்ள வேண்டும், மிஞ்சுவதுதான் அவர்கள் கொடுக்க வேண்டிய பக்கக் கணக்கு. வயது ஏற ஏறப் பொறுமைக்கு நேரம் இல்லை என்ற நியாயம். எனக்கு அந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் சலிப்பு வேறு, கடினம் வேறு. எழுத்தே சப்பென்று இருந்து கொட்டாவி வருகிறதா, கூசாமல் திருப்பிக் கொடு. யார் யாருடைய மகன், எந்த நாட்டுக்கும் எந்த நாட்டுக்கும் போர் என்று பிடிபடாமல் தலை சுற்றுகிறதா, அது பேஸ்பால் தெரியாத பிள்ளையின் நிலை. அந்தப் புத்தகத்தின் மேல் பழி போடாதே, உன் மேலும் போட்டுக்கொள்ளாதே. அந்தக் காலத்தைப் பற்றி எளிய புத்தகம் ஒன்றோ ஒரு வரைபடமோ பார்த்துவிட்டு வந்தால் கதவு திறக்கலாம். அடுத்த வருடம் திறக்கலாம். நூலகரிடம் கேள், நாங்கள் அதற்குத்தான் இருக்கிறோம். எங்கள் துறையின் ஆசான் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் தந்த ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம். மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர். நீ பாதியில் வைத்த புத்தகத்துக்காக வேறு யாரோ காத்துக்கொண்டிருக்கலாம். கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்ளாமல் தேதி தாண்டுவதற்குள் கொண்டுவந்து கொடுத்துவிடு. நூலகராக இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்பாவின் கேள்வி நியாயமானது, மழுப்பாமல் பதில் சொல்கிறேன். நாவல் படித்தால் இயற்பியல் கணக்கு வராது. தேர்வுக்குப் படிப்பது தனி வேலை, அதற்கு உரிய நேரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் பிரிட்டனில் 1970ஆம் ஆண்டின் ஒரு குறிப்பிட்ட வாரத்தில் பிறந்தவர்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்களில் சுமார் 6,000 பேரின் விவரங்களை ஆலிஸ் சல்லிவன், மேட் பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் அலசி 2013இல் வெளியிட்டார்கள். 10 வயதிலும் 16 வயதிலும் இன்பத்துக்காகப் படித்துவந்த பிள்ளைகள், அந்த இடைவெளியில் சொல்லறிவில் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். கணக்கிலும்கூட. இதுதான் அதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல இந்த மாதிரி ஆய்வு போதாது, சேர்ந்து போகிறது என்று மட்டும் சொல்லலாம். கணக்குக் கேள்வியையும் முதலில் வாசித்துத்தானே புரிந்துகொள்ள வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிப் பார். அவரோடு வாதாடி ஜெயிக்கப் பார்க்காதே, மாதத்தேர்வு மதிப்பெண்ணைக் காட்டு.

போனில் படித்தாலும் வாசிப்பு வாசிப்புதான். 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2018இல் வெளியான ஒரு தொகுப்பில், தகவல் தரும் கட்டுரைகளைத் தாளில் படித்தவர்களுக்குத் திரையில் படித்தவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் புரிந்திருந்தது. நேர நெருக்கடி இருந்தால் இடைவெளி இன்னும் கூடியது. கதைகளில் அப்படி வேறுபாடு தெரியவில்லை. ஆகவே பாடத்தைத் தாளில் படி, கதையை எதில் கிடைக்கிறதோ அதில் படி. படிக்கும்போது அறிவிப்புச் சத்தத்தை மட்டும் அணைத்து வை.

அடுத்த விடுமுறைக்குக் கட்டம் போட்ட பட்டியல் வேண்டாம். மூன்று புத்தகம் எடுத்துக்கொள். போகப்போகிற இடத்தோடு தொடர்புள்ள ஒன்று. மலையானால் பறவை பற்றியோ பாறை பற்றியோ, ஆறானால் மீனைப் பற்றியோ. இரண்டாவது அந்த இடத்துக்கும் உனக்கும் கொஞ்சமும் சம்பந்தம் இல்லாதது. மூன்றாவது நீ முன்பே படித்த ஒன்று, களைத்து வந்த ராத்திரிகளுக்கு. முதல் புத்தகத்தைப் போகும் முன் பாதியும் திரும்பிய பின் பாதியுமாகப் படித்துப் பார். பெரும்பாலோர் முன்பே படித்துவிட்டுப் போகிறார்கள், அல்லது படிப்பதே இல்லை. திரும்பிய பின் படிப்பதில்தான் ருசி அதிகம், ஏனென்றால் அப்போது உன்னிடம் சொந்தக் கேள்விகள் இருக்கும். பறவைப் புத்தகத்தில் நீ பார்த்த பறவையைத் தேடுவதும், பார்க்காத பறவையின் படத்தைப் புரட்டுவதும் ஒன்றா?

எதையும் கொண்டுபோகாத நாட்களும் இருக்கட்டும். மலையில் உங்களுக்கு வழி காட்டிய ஒருவர் இருந்திருப்பார், மழை எப்போது வரும், எந்தப் பாறை வழுக்கும் என்றெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். எந்த நூலகத்து அடுக்கிலும் அது இல்லை. அவரிடம் எத்தனை கேள்வி கேட்டாய்? இதற்கு நீ எனக்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

கட்டுரைக்கு என்ன எழுதுவது? ‘விடுமுறை இனிதே கழிந்தது’ என்று ஆரம்பிக்காதே, உன் ஆசிரியை அந்த வரியை ஒரே நாளில் நாற்பது தாளில் படித்து நொந்துபோவார். முழு விடுமுறையையும் எழுதாதே. நடந்ததில் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள். மலையேறிய அந்த ஒரு மணி நேரம், அதையே நாவலில் படித்த அந்த இரண்டு பக்கம், இரண்டும் எங்கே ஒத்துப்போயின, எங்கே முட்டிக்கொண்டன, அவ்வளவுதான் கட்டுரை. நாவலில் இருந்து எதையும் அப்படியே தூக்கிப் போடாதே. உனக்குப் பிடிக்காத பகுதியை மறைக்காதே, அதைத்தான் அவர் ஆர்வமாகப் படிப்பார்.

பின்குறிப்புக்குப் பதில். மங்கிய வெளிச்சத்தில் படித்தால் கண் சோர்ந்துபோகும், இமைப்பது குறைந்து கண் உலர்ந்து எரியும், தலை வலிக்கும். ஆனால் அது கண்ணை நிரந்தரமாகக் கெடுத்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்த வாதத்தில் அம்மாவைப் பாதிதான் ஜெயித்திருக்கிறாய். போர்வைக்குள் டார்ச் அடித்துப் படித்தால் போவது தூக்கம். உன் வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்கவியல் வல்லுநர்களின் பரிந்துரை, படித்தது மனத்தில் படிவதும் அந்தத் தூக்கத்தில்தான். கண்ணைப் பற்றிக் கவலை இருந்தால் பகலில் வெளியே போ. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நாட்களில் கூடுதலாக 40 நிமிடம் திறந்த வெளியில் விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டு முடிவில் அவர்களில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30 சதவீதம், வழக்கம்போல் வகுப்பில் இருந்த பள்ளிகளில் 39 சதவீதத்துக்கு மேல். அவர்கள் ஆறேழு வயதுக் குழந்தைகள், உன் வயதுக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் சைக்கிளை எடுக்க அம்மாவிடம் அனுமதி கேட்கும்போது இதைச் சொல்லிப் பார்க்கலாம். கண்ணில் அடிக்கடி எரிச்சலோ, கரும்பலகை மங்கலாகவோ இருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் காட்டு.